இரண்டு சூத்திரம், ஒரு கோடு

நுண்கணிதம் படித்த எல்லோரும் இந்தக் கணக்கை ஒருமுறையாவது போட்டிருப்பார்கள். ஒரு சார்பு. எக்ஸ் 2-ஐவிடக் குறைவாக இருந்தால் அதன் மதிப்பு ‘எக்ஸின் வர்க்கம் கூட்டல் கே’. எக்ஸ் 2 ஆகவோ அதற்கு மேலாகவோ இருந்தால் ‘மூன்று எக்ஸ் கழித்தல் 1’. இந்தச் சார்பு 2-இல் தொடர்ச்சியாக இருக்க வேண்டுமென்றால் கே-யின் மதிப்பு என்ன? இடப்பக்கமிருந்து 2-ஐ நெருங்கினால் ‘4 கூட்டல் கே’ வருகிறது. வலப்பக்கமிருந்து நெருங்கினால் 5. இரண்டும் சமமாக வேண்டும், ஆகவே கே 1. அவ்வளவுதான், அடுத்த கணக்குக்குப் போய்விடலாம்.

எந்த வகுப்பிலும் யாராவது ஒருவருக்கு இது உறுத்தும். “சார், மேல ஒரு ஃபார்முலா, கீழ ஒரு ஃபார்முலா இருக்கு. அப்போ இது ரெண்டு ஃபங்ஷன்தானே? ஒட்டவச்சுட்டு ஒண்ணுன்னு எப்படிச் சொல்றது?” இதற்கு வழக்கமாக வரும் பதில், “டெஃபனிஷனைப் பாருப்பா” என்பதுதான். பையனும் பார்ப்பான். இட எல்லை, வல எல்லை, அந்தப் புள்ளியில் சார்பின் மதிப்பு, மூன்றும் சமம் என்று மனப்பாடம் செய்வான். கேள்வி அப்படியே உள்ளே தங்கிவிடும்.

அந்தக் கேள்வியை அசட்டுக் கேள்வி என்று தள்ளிவிட முடியாது. பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவின் தலைசிறந்த கணிதர்கள் இதே கேள்வியை வைத்துக்கொண்டு பல பத்தாண்டுகள் சண்டை போட்டார்கள். அந்தப் பையன் சொல்வதுதான் அன்றைக்குச் சரியான விடையாகவும் இருந்தது. ‘தொடர்ச்சி’ என்ற சொல்லின் பொருளே அதற்குப் பிறகுதான் மாறியது. மாற வைத்தவை இந்தத் துண்டுச் சார்புகள்.

லியோன்ஹார்ட் ஆய்லரிலிருந்து தொடங்கலாம். 1748-இல் வெளியான அவருடைய இரண்டு பாகப் பகுப்பாய்வு நூல், சார்பு என்பதைக் கணிதத்தின் நடு முற்றத்தில் கொண்டுவந்து உட்கார வைத்த நூல். ஆய்லருக்கு அதில் சார்பு என்றால் ஒரு சூத்திரம்: மாறியையும் எண்களையும் கூட்டிப் பெருக்கி, எப்படியோ சேர்த்து எழுதிய ஒரு கோவை. நூலின் இரண்டாம் பாகத்தில் வளைகோடுகளை அவர் இரண்டாகப் பிரிக்கிறார். முழுக்க முழுக்க ஒரே சூத்திரத்தால் வருவது தொடர்ச்சியான கோடு. ஒரு பகுதிக்கு ஒரு சூத்திரம், இன்னொரு பகுதிக்கு வேறொன்று என்று போனால் அது தொடர்ச்சியற்றது, கலப்புக் கோடு.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு இரண்டு உதாரணம் பார்ப்போம். ‘1-ஐ எக்ஸால் வகு’ என்ற சார்பின் வரைபடம் அதிபரவளையம். பூச்சியத்தின் இடது பக்கம் ஒரு கிளை கீழே பாதாளத்துக்குப் போகிறது, வலது பக்கம் இன்னொரு கிளை ஆகாயத்திலிருந்து இறங்குகிறது. நடுவில் ஒட்டுமில்லை உறவுமில்லை. ஆனாலும் ஒரே சமன்பாடு என்பதால் ஆய்லர் கணக்கில் அது தொடர்ச்சியான கோடு. அடுத்து, ஆங்கில ‘வி’ எழுத்தைப் போன்ற கோடு. பேனாவை எடுக்காமல் ஒரே இழுப்பில் போட்டுவிடலாம். ஆனால் இடது காலுக்கு ஒரு சூத்திரம், வலது காலுக்கு ஒரு சூத்திரம். ஆகவே அது தொடர்ச்சியற்றது. நம் பாடப்புத்தகத்துக்கு நேர் தலைகீழ்.

இதைப் படித்துச் சிரித்துவிட வேண்டாம். ஆய்லர் ‘தொடர்ச்சி’ என்று சொன்னபோது கேட்ட கேள்வி, ‘ஒரே விதி கடைசிவரை தொடர்கிறதா?’ என்பது. அன்றைய கணிதம் முழுக்க சூத்திரங்களின் மேல் ஓடிக்கொண்டிருந்தது. ஒரு சூத்திரத்தின் சின்னத் துண்டு கையில் இருந்தால் மிச்சம் எல்லாம் தானாக வரும் என்ற நம்பிக்கை இருந்தது. ஒரு சோறு பதம் மாதிரி. இரண்டு பானைச் சோற்றைக் கலந்துவிட்டால் அந்தப் பதம் பார்க்கும் வேலை நடக்காது. அதனால்தான் கலப்புக் கோடுகள் கணிதத்துக்கு வெளியே நின்றன. அவற்றை உள்ளே இழுத்து வந்தது ஒரு தந்தி.

வீணையிலோ கிதாரிலோ ஒரு தந்தியை நடுவில் பிடித்து இழுங்கள். விடுவதற்கு முந்தைய கணம் அது என்ன வடிவத்தில் இருக்கிறது? இரண்டு நேர்கோடுகள், நடுவே ஒரு முனை. அதாவது, இரண்டு சூத்திரங்கள் ஒட்டிய துண்டுச் சார்பு. 1747-இல் பாரிஸைச் சேர்ந்த டாலம்பேர், அதிரும் தந்திக்கான சமன்பாட்டை எழுதித் தீர்வும் கண்டார். தந்தியின் ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு முடுக்கம் பெறும் என்பதை அந்த இடத்தில் தந்தி எவ்வளவு வளைந்திருக்கிறது என்பது தீர்மானிக்கிறது. இதுதான் அந்தச் சமன்பாட்டின் சாரம். தொடக்கத்தில் தந்தி எந்த வடிவில் இருந்தது என்று சொன்னால் அடுத்தடுத்த கணங்களின் வடிவத்தைத் தீர்வு சொல்லிவிடும்.

எந்த வடிவத்தையும் கொடுக்கலாமா? கூடாது என்றார் டாலம்பேர். தொடக்க வடிவம் ஒரே சூத்திரத்துக்குக் கட்டுப்பட்டதாக இருக்க வேண்டும். முனை இருக்கும் இடத்தில் வளைவு என்ற ஒன்றே வரையறைக்குள் வராது, பிறகு எந்தச் சமன்பாட்டைப் போட்டுப் பார்ப்பது? ஆய்லரோ, கையால் இஷ்டப்படி இழுத்த வடிவத்தையும் ஏற்கத்தான் வேண்டும் என்றார். சூத்திரத்தையே சார்பு என்று சொன்ன அதே ஆய்லர்தான். தந்தியை இழுப்பவன் சூத்திரம் பார்த்தா இழுக்கிறான்? டாலம்பேர் பக்கம் கணிதத்தின் ஒழுங்கு இருந்தது, ஆய்லர் பக்கம் தந்தி இருந்தது.

1753-இல் டேனியல் பெர்னூலி மூன்றாவது ஆளாக நுழைந்தார். தந்தியின் ஒலியில் அடிப்படைச் சுரமும் அதன் மேற்சுரங்களும் கலந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு சைன் அலை. அப்படியானால் எந்த அதிர்வையும் சைன் அலைகளின் கூட்டுத்தொகையாக எழுதிவிடலாமே என்றார். மற்ற இருவரும் ஒப்புக்கொள்ளவில்லை. அவர்களுடைய தயக்கம் நியாயமானதுதான். சைன்களைக் கூட்டி எழுதினால் அதுவும் ஒரு சூத்திரம். நெளிந்து நெளிந்து போகிற, எங்கும் முனையே இல்லாத அலைகளைக் கூட்டினால் இஷ்டத்துக்கு உடைந்த ஒரு கோடு எப்படி வரும்?

விவாதம் முடியவில்லை. 1787-இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அகாதமி இதையே பரிசுக் கேள்வியாக அறிவித்தது. 1791-இல் அச்சான, பரிசு பெற்ற கட்டுரையை எழுதியவர் அர்போகாஸ்ட். அவர் உருப்படியான ஒரு காரியம் செய்தார். ‘தொடர்ச்சியற்றது’ என்ற ஒரே சொல் இரண்டு வேறு விஷயங்களைச் சுமந்துகொண்டிருப்பதைப் பிரித்துக் காட்டினார். ஒன்று, சூத்திரம் மாறுவது. துண்டுகள் அப்போதும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருக்கலாம். இன்னொன்று, துண்டுகள் தொடாமல் இடைவெளி விட்டுத் தாவுவது. இரண்டாவதற்குத் தனியாக ஒரு சொல்லையும் உருவாக்கினார். நம் கணக்கில் கே 1 என்றால் அது முதல் வகை. கே 2 என்றால் இரண்டாம் வகை. வகுப்பில் பையன் கேட்டது முதல் வகையைப் பற்றி, ஆசிரியர் பதில் சொன்னது இரண்டாம் வகையைப் பற்றி. ஒரே சொல்லை வைத்து இருவரும் வேறுவேறு பேசிக்கொண்டிருந்தார்கள்.

சூத்திரக் கட்சியின் அடித்தளத்தை உடைத்தவர் ஃபூரியே. நெப்போலியனோடு எகிப்து போய் வந்தவர். கிரனோபிளில் நிர்வாக அதிகாரியாக இருந்துகொண்டே, திடப்பொருளில் வெப்பம் எப்படிப் பரவுகிறது என்று ஆராய்ந்தார். 1807-இல் பாரிஸ் கழகத்துக்கு அவர் கொடுத்த ஆய்வுரையில் முக்கோணவியல் தொடர்கள் குவிந்து கிடந்தன. பரிசீலித்தவர்களில் லாக்ராஞ்ச் அதை ஏற்கவில்லை. முழு நூலாக வெளிவர 1822 ஆகிவிட்டது.

அந்த ஆய்விலிருந்து ஒரே ஒரு தொடர். ஒரு கோணத்தின் கொசைனை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து மூன்று மடங்கு கோணத்தின் கொசைனில் மூன்றில் ஒரு பங்கைக் கழியுங்கள். ஐந்து மடங்கு கோணத்தின் கொசைனில் ஐந்தில் ஒரு பங்கைக் கூட்டுங்கள். இப்படியே ஒற்றை எண்களாகப் போய்க்கொண்டே இருங்கள். கோணம் பூச்சியம் என்றால் எல்லாக் கொசைனும் 1. ஆகவே 1 கழித்தல் மூன்றில் ஒன்று, கூட்டல் ஐந்தில் ஒன்று என்று போகும் தொடர் கிடைக்கிறது. கேரளத்து மாதவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் அதே தொடர்தான். விடை பையில் கால் பங்கு, சுமார் 0.785. கோணம் 180 டிகிரி என்றால் எல்லாக் கொசைனும் மைனஸ் 1. விடை மைனஸ் 0.785. சரியாக 90 டிகிரியில் எல்லாக் கொசைனும் பூச்சியம், விடையும் பூச்சியம். இதுவரை வாயாலேயே போட்டுவிடலாம். ஃபூரியே காட்டியது இதற்கும் மேலே. பூச்சியத்திலிருந்து 90 டிகிரிக்குச் சற்று முன்புவரை எங்கே பார்த்தாலும் விடை அதே 0.785. 90-ஐத் தாண்டியதும் எங்கே பார்த்தாலும் மைனஸ் 0.785. வரைந்தால் ஒரு தட்டையான கோடு, ஒரு தாவல், இன்னொரு தட்டையான கோடு.

ஒரே சூத்திரம், உடைந்த கோடு. ஆய்லரின் இரண்டு பெட்டிகளில் இதை எதில் போடுவது? சூத்திரம் ஒன்று என்பதால் தொடர்ச்சி. கண்ணால் பார்த்தாலோ அர்போகாஸ்ட் சொன்ன தாவல். இதற்கு அப்புறம் சூத்திரங்களை எண்ணித் தொடர்ச்சியைச் சொல்லும் வழக்கம் நிற்க முடியாது. வேறு அளவுகோல் வேண்டும்.

அந்த அளவுகோல் ஏறக்குறைய ஒரே காலத்தில் இரண்டு இடங்களில் வந்தது. பிராகில் பெர்னார்ட் போல்சானோ என்ற கத்தோலிக்கப் பாதிரியார் பல்கலைக்கழகத்தில் சமயம் கற்பித்துக்கொண்டிருந்தார். 1817-இல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். ஒரு சார்பு ஓரிடத்தில் எதிர்மறையாகவும் இன்னோரிடத்தில் நேர்மறையாகவும் இருந்தால் நடுவில் எங்கோ பூச்சியத்தைத் தொட்டே தீர வேண்டும் என்ற இடைமதிப்புத் தேற்றத்தைப் படம் வரைந்து நம்பாமல் நிரூபிக்க வேண்டும் என்பது அவர் நோக்கம். அதற்கு முதலில் ‘தொடர்ச்சி’ என்றால் என்ன என்று சொல்லியாக வேண்டும். மாறியைப் போதுமான அளவு சிறிதாக நகர்த்தினால், சார்பின் மதிப்பில் வரும் வித்தியாசத்தை நாம் கேட்கும் எந்த அளவைவிடவும் சிறிதாக்க முடிய வேண்டும். அதுதான் தொடர்ச்சி என்றார். எத்தனை சூத்திரம் என்ற பேச்சே அதில் கிடையாது. அந்த நூலை அப்போது அதிகம் பேர் படிக்கவில்லை. அவருடைய அரசியல், சமூகக் கருத்துகளுக்காக 1819-இல் பேரரசர் ஆணையால் பேராசிரியர் பதவியும் போனது.

இன்னொருவர் பாரிஸில், எக்கோல் பாலிடெக்னிக்கில் பாடம் நடத்திய அகஸ்டின் லூயி கோஷி. எதிர்காலப் பொறியாளர்களும் ராணுவ அதிகாரிகளும் படிக்கும் கல்லூரி அது. 1821-இல் வந்த அவருடைய பாடநூலில், மாறி மிகமிக நுண்ணிய அளவு மாறினால் சார்பும் மிகமிக நுண்ணிய அளவே மாறுவது தொடர்ச்சி என்று வரையறை வருகிறது. கணிதத்தின் இந்தப் பெரிய திருப்பம் பொறியியல் மாணவர்களுக்கான பாடப்புத்தகத்தில் அச்சாகி நமக்கு வந்திருக்கிறது என்பதை, பொறியியல் படித்தவன் என்ற முறையில் கொஞ்சம் பெருமையோடுதான் சொல்கிறேன்.

பழைய வரையறையைக் கோஷி மறக்கவில்லை. 1844-இல் அதற்காகவே ஒரு கட்டுரை எழுதினார். அந்த ‘வி’ வடிவக் கோட்டை எடுத்துக்கொண்டார். வலது பக்கம் எக்ஸ், இடது பக்கம் மைனஸ் எக்ஸ், ஆக இரண்டு சூத்திரங்கள். ஆய்லர்படி தொடர்ச்சியற்றது. இப்போது எக்ஸை வர்க்கமாக்கி, அதன் நேர்மறை வர்க்கமூலத்தை எடுங்கள். 3-க்கு 3 வரும், மைனஸ் 3-க்கும் 3 வரும். அதே ‘வி’, ஒரே சூத்திரத்தில். ஆய்லர்படி இப்போது தொடர்ச்சியானது! கோடு ஒரு மயிரிழைகூட மாறவில்லை, எழுதிய விதம்தான் மாறியது. அப்படியென்றால் ஆய்லரின் பிரிவு கோட்டைப் பற்றிப் பேசவே இல்லை, எழுதுபவரின் சாமர்த்தியத்தைப் பற்றித்தான் பேசியது.

மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இது உடனே புரியும். நாலு ‘இஃப்’ போட்டு எழுதிய நிரலை இன்னொருவர் ஒரே வரியில் சுருக்கி எழுதுவார். எந்த உள்ளீட்டுக்கும் இரண்டும் ஒரே விடையைத் தந்தால் இரண்டும் செய்யும் வேலை ஒன்றுதான். எத்தனை வரி என்பது எழுதியவர் விஷயம்.

இப்போது தேர்வுக் கணக்கைத் திரும்பப் பார்த்தால் அந்த மூன்று சமன்பாடுகளும் வேறு மாதிரித் தெரியும். கே 1 என்று வைத்து, 2-க்கு மிக அருகில் போவோம். 1.999-இல் சார்பின் மதிப்பு 4.996001. 2.001-இல் 5.003. இன்னும் நெருங்கினால் இரண்டும் 5-ஐ இன்னும் நெருங்கும். 5-இலிருந்து எவ்வளவு குறைவான விலகல் வேண்டும் என்று நீங்கள் கேட்டாலும் 2-ஐச் சுற்றி அதற்கேற்ற ஒரு சின்ன வட்டாரத்தை என்னால் காட்ட முடியும். கே 2 என்றால் கதை வேறு. இடப்பக்கம் 6-ஐ நோக்கிப் போகிறது, 2-இல் மதிப்போ 5. பாதிக்கு மேல் விலகக் கூடாது என்று நீங்கள் சொன்னாலே நான் தோற்றேன். எவ்வளவு நெருங்கினாலும் அந்த 1 அளவு பள்ளம் அங்கேயே இருக்கும். இட எல்லை, வல எல்லை, மதிப்பு என்ற சோதனை கேட்பது இவ்வளவுதான். யார் எழுதினார்கள், எத்தனை துண்டாக எழுதினார்கள் என்று கேட்காமல், இந்தப் புள்ளியின் அக்கம்பக்கத்தில் என்ன நடக்கிறது என்று மட்டும் கேட்கிறது. துண்டுகளின் உட்பகுதியில் பிரச்சினை இல்லை என்பதால் மூட்டில் மட்டும் போய்ப் பார்க்கிறோம்.

கோஷியின் புத்தகத்திலும் ஓட்டை இருந்தது. தொடர்ச்சியான சார்புகளை வரிசையாகக் கூட்டிக்கொண்டே போய், கூட்டுத்தொகை ஓர் எல்லைக்கு வந்தால் அதுவும் தொடர்ச்சியாகவே இருக்கும் என்று 1821-இல் எழுதிவிட்டார். 1826-இல், இருபதுகளில் இருந்த நார்வேக்காரர் ஆபெல், இதற்கு விதிவிலக்குகள் இருப்பதாகத் தெரிகிறது என்று ஓர் அடிக்குறிப்பில் பணிவாகச் சொல்லி, தாவுகிற ஒரு சைன் தொடரை எடுத்துக் காட்டினார். ‘நுண்ணிய அளவு’ என்ற சொல் எவ்வளவு வழுக்கும் என்பது அதன் பிறகு மெல்ல மெல்லத் தெரிந்தது. பள்ளி ஆசிரியராக ஆண்டுக்கணக்கில் வேலை பார்த்துவிட்டு 1856-இல் பெர்லினுக்கு வந்த வையர்ஸ்ட்ராஸ், அந்தச் சொல்லையே எடுத்துவிட்டுத் தன் வகுப்புகளில் எப்சிலானையும் டெல்டாவையும் உட்கார வைத்தார். எப்சிலான் நீங்கள் கேட்கும் விலகல். டெல்டா நான் காட்டும் வட்டாரம். மாணவர்களை மிரட்டும் அந்த வரையறையில் இதற்கு மேல் ஒன்றுமில்லை.

‘பேனாவை எடுக்காமல் வரைய முடிந்தால் தொடர்ச்சி’ என்று சொல்லிக்கொடுக்கிறோமே, அது தொடக்கத்துக்குச் சரி. ஆனால் 1875-இல் தோமே கொடுத்த ஒரு சார்பு பேனாவையே பிடுங்கிவிடும். விகிதமுறா எண் என்றால் மதிப்பு பூச்சியம். விகிதமுறு எண் என்றால், அதைச் சுருக்கிய பின்னமாக எழுதி, பகுதியில் இருக்கும் எண்ணால் 1-ஐ வகுத்தால் வருவது மதிப்பு. அரைக்கு அரை. ஐந்தில் மூன்றுக்கு ஐந்தில் ஒன்று. இந்தச் சார்பு ஒவ்வொரு விகிதமுறா எண்ணிலும் தொடர்ச்சியானது, ஒவ்வொரு விகிதமுறு எண்ணிலும் தொடர்ச்சியற்றது. இதை எந்தப் பேனாவால் வரைவது? தொடர்ச்சி என்பது ஒவ்வொரு புள்ளியிலும் தனித்தனியாகக் கேட்க வேண்டிய கேள்வி என்று ஒப்புக்கொண்டால்தான் அந்த வாக்கியத்துக்கே அர்த்தம் வரும்.

இதெல்லாம் கணிதர்களின் கவலை, நமக்கென்ன என்று தோன்றினால் வருமான வரியைப் பாருங்கள். 2023 பட்ஜெட்டில் புதிய வரி முறைப்படி, வரிக்குரிய வருமானம் 7 லட்சம்வரை இருப்பவர்களுக்கு முழுத் தள்ளுபடி அறிவித்தார்கள். அப்போது 7 லட்சத்துக்குக் கணக்குப்படி வந்த வரி 25,000 ரூபாய், செஸ் நீங்கலாக. தள்ளுபடிக்குப் பின் பூச்சியம். வருமானம் 7,00,100 என்றால் தள்ளுபடி கிடையாது என்றிருந்தது, வரி 25,010. கூட நூறு ரூபாய் சம்பாதித்ததற்கு இருபத்தைந்தாயிரம் அபராதம். இட எல்லை பூச்சியம், வல எல்லை 25,000. அர்போகாஸ்ட் சொன்ன அதே தாவல், இந்த முறை சம்பளக்காரர் வயிற்றில்.

அந்த மார்ச்சில் மசோதா மக்களவையில் நிறைவேறியபோது திருத்தம் வந்தது. 7 லட்சத்துக்கு மேல் எவ்வளவு கூடுதலோ அதைவிட வரி அதிகமாகக் கூடாது என்றார்கள். 7,00,100 என்றால் வரி 100 ஆனது. இந்தச் சலுகை ஏறத்தாழ 7,27,777 ரூபாய்வரை ஓடியது. அந்த இடத்தில் கூடுதல் வருமானமும் வழக்கமான வரியும் இரண்டுமே ஏறத்தாழ 27,777 ஆகிவிட்டதால், அதற்கு மேல் பழைய விகிதம் தானாக எடுத்துக்கொண்டது. பள்ளத்தை மூடுவதற்குச் சூத்திரங்களைக் குறைக்கவில்லை, நடுவில் இன்னொன்றைச் சேர்த்தார்கள். பூச்சியம், கூடுதல் தொகை, வழக்கமான வரி என்று அப்போது மூன்று துண்டு ஆனது. ஆய்லர் பார்த்திருந்தால் இன்னும் அதிகமாக உடைந்துவிட்டது என்றிருப்பார். அன்று 7,00,100 வாங்கியவரைக் கேட்டிருந்தால், இப்போதுதான் சரியாக ஒட்டியிருக்கிறது என்றிருப்பார்.